தெர்மோகோல் இன்ஜினும் இறங்காத பெடலும்

1. ஆவி விட்டுக்கொண்டு வந்த கார்

ஏழுமலையின் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது பானட் இடுக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. செங்கல்பட்டில், ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது எங்கள் கடை. ஈசிஆரில் டோல்கேட் வந்த புதிது. பாலிடெக்னிக் முடித்து இரண்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டையும் ஆறு மாதத்துக்குள் விட்டுவிட்டு, கஜா அண்ணனிடம் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. டர்போ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு பைத்தியம்.

காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நீள மூக்கு வைத்த, சோபா மாதிரி சீட் போட்ட அந்த வெள்ளை செடானை அந்தக் காலத்து ஆட்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். உடம்பு பெரிது, உள்ளே இருந்த பழைய பெட்ரோல் இன்ஜின் சின்னது. ஏழுமலை மாமல்லபுரத்தில் ஒரு பீச் ரிசார்ட்டின் டாக்சி வரிசையில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து நாலு வெளிநாட்டுக்காரர்களை, பெட்டிகளோடு, ஏசி போட்டு ஏற்றி வந்திருக்கிறார். பாதி வழியில் டெம்ப்ரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

"டிராவல் டெஸ்க் மேனேஜரு சொல்லிட்டாரு அண்ணாத்த. டிசம்பர் சீசனுக்கு முன்னாடி, ஏசி போட்டு நாலு பேரோட மூச்சு வாங்காம ஓடற வண்டி காட்டணுமாம். இல்லன்னா என் எடத்த வேற வண்டிக்குக் குடுத்துடுவாராம்."

"வேற வண்டி வாங்கிடேன்" என்றார் கஜா அண்ணன்.

"அது முடிஞ்சா இங்க இன்னாத்துக்கு வரேன்? அங்கியே ஷோரூம்ல குந்தினு காபி குடிச்சினு இருப்பேன்ல."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அண்ணா, இன்ஜினையே மாத்திடலாம்ணா. டர்போ டீசல்" என்றேன்.

கஜா அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டேய் பிரபு, நம்ம கடையில டீசல் வண்டி வந்து எத்தினி நாளாச்சு தெரியுமா?"

"அதுக்குத்தான் பிளான் போட்டுச் செய்யலாம்னு சொல்றேன்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "பிளான் போடு இன்ஜினியரே. ஆனா வண்டி நிக்கற நாளு கம்மியா இருக்கணும். வண்டி நின்னா நானும் நின்னுடுவேன்."

ஒரு வாரம் மட்டும்தான் காரைப் பிரித்து வைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கிலிருந்துதான் தெர்மோகோல் வந்தது.

2. மீன் வாசனை அடித்த இன்ஜின்

எங்களுக்குத் தோதான இன்ஜின் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஜப்பானில் ஓடிய வேன் ஒன்றை முன்பாதியாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். இந்த மாதிரி வருவதை ஹாஃப்-கட் என்போம். இரண்டு லிட்டர் டர்போ டீசல், கியர்பாக்ஸும் கூடவே. ஆர்டிஓ ஆபீஸில் இன்ஜின் மாற்ற முன் அனுமதி வரும்வரை அதை எடுக்க முடியாது. அதுவரை கார் ஓடிக்கொண்டிருக்கட்டும், நான் அளவெடுத்துவைக்கிறேன் என்று முடிவு.

டேப், வெர்னியர், நோட்டு சகிதம் மூன்று தடவை எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றாவது தடவை, "இன்னா தம்பி, இன்ஜினுக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்து எழுதினேன்.

பிறகு புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில், மீன் கொண்டுவரும் தெர்மோகோல் பெட்டிகளை வாங்கிவந்தேன். அவற்றை அறுத்து ஒட்டி, அளவு பிசகாமல் ஒரு டம்மி இன்ஜின் செய்தேன். பிளாக், அடியில் ஆயில் நிற்கும் சம்ப், இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபேன் எல்லாம் தெர்மோகோல். எத்தனை முறை கழுவியும் வாசனை போகவில்லை. சந்தில் இருந்த பூனைகள் எல்லாம் எங்கள் ஷெட்டுக்குக் குடிவந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை காரைக் கொண்டுவந்தார். காலையில் பழைய இன்ஜினைத் தூக்கினோம். டம்மியைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல உள்ளே இறக்கினேன். சாயங்காலத்துக்குள் பழைய இன்ஜினைத் திரும்பப் பூட்டி அனுப்பிவிட வேண்டும்.

ஏழுமலை மூக்கைப் பொத்திக்கொண்டார். "இத்த போட்டு ஓட்டுனா ஏர்போர்ட்டு போவாது இன்ஜினியரே. நேரா மார்க்கெட்டுக்குத்தான் போவும்."

அவர் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்க, நான் இடம் பார்த்தேன். சம்ப் கீழே முட்டவில்லை. டர்போவுக்கும் பானட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ரேடியேட்டரை ஒரு அங்குலம் முன்னால் தள்ள வேண்டும். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஸ்டீயரிங் பாக்ஸில் இடித்தது. சாதாரண ஆல்டர்னேட்டரைவிட அது பின்னால் நீளமாக இருந்தது. டப்பா மாதிரி ஒரு புடைப்பு.

ஹாக்ஸா பிளேடை எடுத்து அந்தப் புடைப்பை அறுத்துத் தள்ளினேன். இப்போது இடிக்கவில்லை. அறுத்தபின் மீதி இருந்த நீளம் ஏறக்குறைய பழைய காரின் ஆல்டர்னேட்டர் அளவுதான். அது குட்டையானது, நன்றாகவே சார்ஜ் செய்கிறது. அதையே புது இன்ஜினில் மாட்டிவிடலாம்.

"ஐடியா சோக்கா கீதுடா" என்று கஜா அண்ணன் முதுகில் தட்டினார். நோட்டில் 'ஆல்டர்னேட்டர் – பழையதே போதும்' என்று எழுதி, இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு டிக் அடித்தேன். அந்த டிக் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

3. ஏழு நாள் வேலை, ஆறு நாளில்

அனுமதி வந்தது, இன்ஜின் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கார் கைக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ரிசார்ட்டில் காட்ட வேண்டும் என்று ஏழுமலை சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்து கஜா அண்ணன் தங்கை வீட்டுக் கல்யாண வேலையாகத் திண்டிவனம் போய்விட்டார். கடையை என் பொறுப்பில் விட்டுப் போனதில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியிருந்தது.

பெருமைக்குச் சொல்லவில்லை, டம்மி வேலை செய்தது. மவுன்ட் ஓட்டைகள் முதல் தடவையே நேராக உட்கார்ந்தன. ஜப்பான் ஆல்டர்னேட்டரைக் கழற்றும்போது பார்த்தேன், பின்பக்கப் புடைப்பிலிருந்து ஆயில் குழாய் இரண்டும், வெறும் ரப்பர் ஹோஸ் ஒன்றும் வந்தன. பேரிங்குக்கு ஆயில் போகிறதாக்கும், ஜப்பான்காரன் எதிலும் கூடுதலாகத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன். ஆயில் வழிகளைக் காப்பர் வாஷர் போட்டு போல்ட்டால் அடைத்தேன். கழற்றியதை ஷெல்ஃபில் வைத்தேன். பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸை, பழைய இன்ஜினில் இருந்த மாதிரியே, இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டில் செருகினேன்.

புதன்கிழமை சாயங்காலம் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. ரேஸ் கொடுத்ததும் டர்போ மெல்லிசாக விசில் அடித்தது. ஆறு நாள்! மாமல்லபுரத்துக்குப் போன் போட்டேன்.

4. "பெடலு எறங்கல"

வியாழன் காலை ஏழுமலை முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். பானட்டைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. பிரேக் பெடலை நாலு தடவை மிதித்தார். பிறகு காலை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணினார். தினமும் காலையில் அப்படித்தான் செய்வாராம்.

இன்ஜினை அணைத்தார். மறுபடி நாலு மிதி, மறுபடி ஸ்டார்ட்.

"பெடலு எறங்கல" என்றார்.

"என்னண்ணா?"

"கால வச்சினு ஸ்டார்ட் பண்ணா பெடலு லேசா உள்ள எறங்கும். பதினோரு வருசமா எறங்குது. இன்னிக்கு எறங்கல."

"டீசல் இன்ஜின்ல பெடல் கொஞ்சம் கட்டியாத்தான் இருக்கும்ணா." அந்த விதியை அந்த நிமிடத்தில்தான் நான் உண்டாக்கினேன்.

"இன்னாத்துக்கு?"

"ஓட்டிப் பாருங்கண்ணா, சரியாயிடும்."

அவர் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை; டீ சொல்வது மாதிரித்தான் சொன்னார். "எனக்குப் புரியற வரிக்கும் நான் எடுக்க மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்றது. ஆறு நாள் உழைப்பு, மூன்று மாதப் பிளான். இவருக்கு ஒரு பெடல் பெரிதாகிவிட்டதா? "நீங்க இறங்குங்க, நான் ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

ஷெட்டுக்குப் பின்னால் நீளமான காலி இடம். கடைசியில் தண்ணீர் பிடித்துவைத்த நீல டிரம். முதல் கியர், இரண்டாவது கியர். டர்போ தள்ளியதும் முதுகு சீட்டில் ஒட்டியது. அந்த ஒரு நொடி சொர்க்கம். அடுத்த நொடி பிரேக்கை மிதித்தேன். சுவரை மிதித்த மாதிரி இருந்தது. கார் நிற்கவில்லை, யோசித்துக்கொண்டே போனது. சீட்டிலிருந்து எழுந்து இரண்டு காலாலும் மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். பம்பர் டிரம்மைத் தொட்டு நின்றது. டிரம் மெதுவாகச் சாய்ந்து, இருநூறு லிட்டரும் பானட்டுக்கு அடியில் ஓடியது.

தூரத்தில் ஏழுமலை டீ கிளாஸோடு நின்றிருந்தார். "இன்னா இன்ஜினியரே, காரு குளிக்குதா?"

நான் இறங்கினேன். நாளைக்கு இந்தக் காரில் பெட்டிகளோடு நாலு பேர் ஏறியிருப்பார்கள். ஈசிஆரில் டிரம் இருக்காது, பஸ் இருக்கும்.

5. கட்டைவிரலைப் பிடித்து இழுத்தது

இன்ஜின் ஓடும்போதே மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டர் ஹோஸைப் பிடுங்கி, அந்த வாயில் கட்டைவிரலை வைத்தேன். பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் விரலை உறிஞ்சியிருக்கும். அந்த உறிஞ்சலில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. பெடல் லேசாக இருப்பது அதனால்தான். இங்கே எந்த உறிஞ்சலும் இல்லை. ஏழுமலையை ரேஸ் கொடுக்கச் சொன்னேன். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வந்தது. டர்போ ஊதுகிறது. படித்தவன் நான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் இது.

அப்படியானால் ஜப்பானில் இந்த வண்டி எப்படி நின்றது?

ஷெல்ஃபைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆல்டர்னேட்டரை எடுத்து, வெறும் ரப்பர் ஹோஸ் வந்த வாயில் கட்டைவிரலை வைத்து, புல்லியைக் கையால் சுற்றினேன். விரலைப் பிடித்து இழுத்தது. அந்தப் புடைப்புதான் வேக்குவம் பம்ப். ஆல்டர்னேட்டர் சுற்றும்போது கூடவே சுற்றி, பிரேக்குக்கு வேண்டிய உறிஞ்சலைத் தருவது அது. நான் ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் தள்ளியது அதைத்தான்.

ஏழுமலையிடம் அப்படியே சொன்னேன். அவரும் விரலை வைத்துப் பார்த்தார். "அட, இழுக்குதுபா" என்றார். பிறகு, "எத்தினி நாளு?" என்றார்.

"மூணு நாள். இதைக் கீழே வைக்க முடியாது, ஸ்டீயரிங் பாக்ஸ்ல இடிக்கும். மேலே தூக்கி வைக்க பிராக்கெட் செய்யணும். பெல்ட் வேற நீளம் வேணும்."

"நாளிக்கு வெள்ளி."

"நானும் வர்றேன்ணா. என் தப்புன்னு நானே சொல்றேன்."

6. கார் இல்லாமல் காட்டப் போனது

வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். ரிசார்ட் வாசலில் மேனேஜர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்க ஏழுமலை?"

"செங்கல்பட்டுல கீது சார்."

"வண்டி இல்லாம வந்து, வண்டி நல்லாருக்குன்னு சொல்லப் போறியா?"

"இல்ல சார். நல்லா இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். இஸ்துகினு போவுது, ஆனா நிக்கல."

நான் குறுக்கே புகுந்து, பம்ப், பூஸ்டர், ஹாக்ஸா பிளேடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேனேஜர் கடைசிவரை கேட்டார். சீசனில் முதல் இரண்டு வாரத்துக்கு வேறு வண்டி போட்டாகிவிட்டது, அதை மாற்ற முடியாது என்றார். ஏழுமலை தலையை ஆட்டினார். கிளம்பும்போது மேனேஜர், "ரெடியானதும் கொண்டா. நானே ஏறிப் பாக்கறேன்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவருடைய இரண்டு வார வருமானத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சீசனில் இரண்டு வாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். திருக்கழுக்குன்றத்தில் ஏழுமலை என் விலாவில் இடித்தார். "மூஞ்ச ஏன் அப்படி வச்சினுகீற? எறங்கு, நாஸ்தா துன்னுட்டுப் போலாம்."

சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு லேத் பட்டறையில் கனமான பிளேட்டில் பிராக்கெட் வெட்டினேன். ஆல்டர்னேட்டர் மேலே ஏறியது. பானட்டுக்கும் அதற்கும் அரை அங்குலம் மிச்சம். அடைத்த ஆயில் வழிகளைத் திறந்தேன். பூஸ்டர் ஹோஸ் பம்ப்புக்குப் போனது, பூஸ்டருக்காக நான் பிடுங்கியிருந்த ஃபியூல் பம்ப் ஹோஸ் மேனிஃபோல்டில் தன் வாய்க்கே திரும்பியது. ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்தது. மேனேஜரும் மூன்று ஆட்களும் ஏசி போட்டு ஏறி, கல்பாக்கம் வரை போய்வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஏழுமலையின் கார் வரிசைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு இன்ஜின் மாற்றும் வேலை நிறையச் செய்துவிட்டேன். இன்றைக்கும் இளசுகள் வந்தால் முதல் கேள்வி, எத்தனை ஹார்ஸ்பவர். இரண்டாவது, உள்ளே உட்காருமா. இரண்டையும் டேப் வைத்தே சொல்லிவிடலாம். என் பிளான் நோட்டில் இப்போது கூடுதலாக ஒரு பத்தி இருக்கிறது. கழற்றிப் போடும் ஒவ்வொரு சாமானுக்கும் நேராக, 'இது இதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது?' என்று எழுத வேண்டும். பதில் எழுதத் தெரியாத சாமானைக் கழற்றுவதில்லை. தெர்மோகோல் எந்த இடத்தில் இடிக்கும் என்று காட்டும். என்ன வேலை செய்யும் என்று காட்டாது.

பம்ப் மாட்டிய அன்று ஏழுமலை சீட்டில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாலு மிதி. காலை அழுத்தி வைத்தார். சாவியைத் திருகினார். நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அது ஒரு அங்குலம் தாழ்ந்தது.

"எறங்குது" என்றார். முதல் கியரைப் போட்டார்.