தறிக்கு லீவு, ஜிம்மிக்கும் லீவு

"ஏங்கண்ணு, நாய்க்கு இருதய மாத்திரையான்னு அப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறே? உனக்கு வேற சோலியே இல்லியா? நாளெல்லாம் போனைத் தேச்சுக்கிட்டுத்தான இருக்கறே, அதையே கேட்டுக்க வேண்டியதுதான? எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவகிட்ட வந்து டாக்டருப் படிப்பைக் கேக்கற பாரு!" என்று என் பெரியப்பா வீட்டு அக்காவின் பேத்தியை விரட்டினேன். அவள் நகரவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்டுத் தொலையட்டும் என்று நானும் ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவாக்கில் இருக்கும். எனக்குப் பத்து வயது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம், ஆறு விசைத்தறிகள். அப்பா சோற்றில் கையை வைத்தபடியே தலையைச் சற்றுச் சாய்த்து, "நாலாம் நம்பர்ல நூல் அறுந்துருச்சு" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். பெற்ற மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஜிம்மி என்னைவிட ஒரு வயது மூத்தவன். பொமரேனியன் சாதி. வெள்ளை வெளேரென்று இருந்திருக்க வேண்டியவன், தறிக்கூடத்து எண்ணெயில் புரண்டு அழுக்குப் பஞ்சு மூட்டைபோல இருந்தான். அந்த வருடம் அவனுக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசியைக் குடிக்கும் எங்கள் எல்லோருக்குமே இருமல் உண்டு என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு படி ஏறுவதற்குள் அவன் மயங்கி விழுந்த அன்றுதான் அப்பா அவனையும் என்னையும் மொபெட்டில் வைத்துச் சிங்காநல்லூர் நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இருதயத்தில் ஒரு கதவு தேய்ந்து சரியாக மூடுவதில்லை. அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. குணமாக்க முடியாது, மாத்திரை கொடுத்தால் ஓட்டலாம். சோற்றில் உப்பு ஆகாது. தூங்கும்போது மூச்சை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், முப்பதைத் தாண்டினால் உடனே வர வேண்டும். எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். அப்பா மாத்திரையை மறந்துவிடக் கூடாதே என்று, "காலையில தறியை ஓட்டறப்ப ஒண்ணு, சாயங்காலம் ஆளு மாத்தறப்ப ஒண்ணு. தறியோட சேத்து ஞாபகம் வெச்சுக்குங்ணா," என்றார்.

அப்பா ஞாபகம் வைத்துக்கொண்டார். அதில்தான் வந்தது வினை.

தறி ஓடுகிற ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உப்பில்லாத இட்லித் துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து ஊட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். இருமல் அடங்கியது. அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று நான் எண்ணிச் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. ஓடாத தறிக்கு ஏது மாத்திரை? அம்மா கேட்டதற்கு, "டாக்டரம்மா தறியோடதான சொன்னாங்க? இரும்பு மெசினுக்கே வாரம் ஒருக்கா லீவு உடறோம், சதைக்கு உட வேண்டாமா? தெனமும் தின்னா மருந்து பழகிப் போகுமுல்ல," என்றார். ஞாயிறு ஏறுகிற மூச்சு திங்கட்கிழமை இறங்கிவிடும். லீவு நாளில் கண்டதையும் தின்றால் மனுசனுக்கே மூச்சு வாங்குகிறது என்பார் அப்பா.

பிறகு தீபாவளி வந்தது. தறி ஓட்டுகிறவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வரை ஐந்து நாள் லீவு. மாத்திரைக்கும் ஐந்து நாள்.

இரண்டாம் நாள் முப்பத்தெட்டு எண்ணினேன். "பலகாரத்து வாசத்துக்கு மூச்சு வாங்குது, போடி," என்றார் அப்பா. மூன்றாம் நாள் காலையில் என்னால் எண்ணவே முடியவில்லை. ஜிம்மி முன்னங்கால்களை அகல ஊன்றி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். படுக்கப் பார்ப்பான், மூச்சு முட்டி எழுந்துகொள்வான். நாக்கு நீலம் பாரித்திருந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டப் பார்த்தான். அதற்குக்கூட அவனிடம் காற்று இல்லை.

"ஏனுங்க, உசுரு போகுதுங்க!" என்று அம்மா கத்திய கத்தலில் அப்பா புது வேட்டியோடு மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் ஜிம்மியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க என் கைக்குள் அந்த விலா எலும்புகள் ஏறி இறங்கின. அது நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டாக்டரம்மாவுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். தலையில் ஈரத்துண்டோடு கதவைத் திறந்தவர், ஜிம்மியைப் பார்த்ததும் உள்ளே தூக்கிப் போனார். ஒரு ஊசி. மூக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் குழாய். பிறகு, "அலட்டாம மடியில வெச்சுக்குங்ணா," என்று அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார்.

கால் மணி நேரம் போயிருக்கும். அப்பாவின் புது வேட்டியில் ஜிம்மி மூத்திரம் போனான். போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். அத்தனை சின்ன உடம்புக்குள் அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது? வேட்டி நனைந்து, நாற்காலி நனைந்து, தரையில் ஓடியது. அப்பா அசையவில்லை. அது வெளியே ஓட ஓட, நீலமாக இருந்த நாக்கு மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மருதமலையில்கூட அப்படி ஒரு அதிசயத்தை நான் கண்டதில்லை.

"மாத்திரை குடுத்தீங்களா, இல்லீங்களா?" என்றார் டாக்டரம்மா.

அப்பா நிமிரவில்லை. "தறிக்கு லீவுங்கம்மா."

டாக்டரம்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அவர் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அப்பாவின் காதில் மாட்டி, மறுமுனையை ஜிம்மியின் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தலை சாய்ந்தது. சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்பாரே, அதே சாய்வு. வெகுநேரம் கேட்டார்.

"ரண்டு அடிக்கு நடுவால 'உஸ்'சுங்குதுங்க."

"அதுதானுங்ணா மூடாத கதவு. ரத்தம் திரும்பிக் கசியுது."

"அந்தப் பார்ட்டை மாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்ணா."

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "இது ஞாயித்துக்கெழமையும் ஓடுதுங்களா?" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்களுதும் ஓடுதுங்ணா."

அப்பாவின் கை தானாக அவர் நெஞ்சுக்குப் போனது.

அப்புறம் என் காதிலும் மாட்டினார்கள். டப், உஸ், டப், உஸ். தேய்ந்துபோன ஒரு கதவு, மூட முடியாமல் மூடப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே, அவன் தூங்கியபோதும், நான் வாலைப் பிடித்து இழுத்தபோதும், கரண்ட் போன நாளிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கள் ஆறு தறியும் சேர்ந்து ஓடினாலும் அவ்வளவு பெரிய சத்தம் வராது என்று எனக்குத் தோன்றியது.

"தப்பு எம்மேலயுந்தானுங்ணா," என்றார் டாக்டரம்மா. "தறியைச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க லீவே உடாமப் பண்ற வேலை எதாச்சும் இருக்குதுங்களா?"

அப்பா யோசித்தார். "காலையிலயும் சாயங்காலமும் காப்பிங்க."

"தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கு ரண்டு டம்ளர் சேத்திங்க."

"அப்பக் காப்பியோட குடுங்க. தீபாவளிக்கு மாத்திரையையும் ரண்டு சேத்திக் குடுத்துறாதீங்க."

அதன் பிறகு ஜிம்மிக்குக் கொடுக்காமல் அப்பா டம்ளரைத் தொட்டதில்லை. ஜிம்மி இன்னும் இரண்டு பொங்கல் பார்த்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா எதையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னார். "நாந்தான் கொல்லப் பாத்தேன்," என்றார். அம்மா பிடித்துக்கொண்டாள். "ரண்டு நாளாப் புள்ள எண்ணி எண்ணிச் சொல்லுது, காதுல என்னத்தை வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வேட்டியைத் துவைக்கிற கல்லில் அடித்தாள். அந்த அடி வேட்டிக்கு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு அக்காவும் நாய்க்கு என்ன ஆச்சு என்று கேட்டு வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்ல நான் ஆசையாக வாயைத் திறந்தேன். அம்மா ஈரக் கையால் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். உள்ளே அப்பா தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் வெடி ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அது வந்தவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அம்மா எதற்கு அந்தப் பச்சைப் பொய்யைச் சொன்னாள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

"வெடிச் சத்தத்துக்கு நெஞ்சடைச்சுப் போச்சுங்கக்கா," என்றாள், உள்ளே இருப்பவருக்கும் கேட்கிற குரலில். "நல்லவேளைக்கு இவ அப்பா ஊட்டுல இருந்தாங்க. இல்லாட்டி இன்னேரம் பொழைச்சிருக்காதுங்க."