சுபீரின் இரண்டு ஒத்திகைகள்

"கையத் தொங்கப்போடு. இன்னும் கொஞ்சம். அந்தச் சிரிப்பு எதுக்கு இப்ப?" அப்பத்தில் கடலைத்தூளும் சர்க்கரையும் தூவி மடித்தபடியே சுபீர் மகளுக்குப் பாடம் நடத்துகிறார். சற்று நேரத்தில் அதே வாய், "நிமிந்து உக்காரு. நீயே எடுத்துச் சாப்பிடு" என்கிறது. சுங்கைப் பட்டாணி மாலைச் சந்தையில் அப்பத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கூத்து.

வாய்வீச்சில் சுபீரை மிஞ்ச ஆளில்லை. தன் அப்பத்தின் மணம் பிடித்துப் பினாங்குக் கப்பல் ஒன்று இந்தப் பக்கம் திரும்பியதாகச் சொல்வார். எதிர்க்கடை மீன்காரி கமாரியா, "வந்துச்சு, வந்துச்சு. உங்க பேச்சு முடியற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போயிருச்சு" என்பாள்.

அப்பேர்ப்பட்டவரைத் திணறடித்திருக்கிறது ஒன்பது வயது மலீசாவின் படிப்பு. பிறந்ததிலிருந்தே அவள் கால்கள் நிற்பதில்லை. வலக்கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வாய் மட்டும் அப்பனை உரித்து வைத்தது. பள்ளியின் சிறப்பு வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது. தானே சாப்பிடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது. பள்ளிக்குப் போக வேன் வேண்டும், வேன் கூலிக்கு உதவித்தொகை வேண்டும். அதுவோ, தானாக எதுவும் செய்துகொள்ள முடியாத பிள்ளைக்குத்தான். இரண்டு இடத்திலும் போய்க் கேட்டார். இரண்டு இடத்திலும் அன்பாகவே விளக்கினார்கள். விளக்க விளக்க அவருக்குத் தலை சுற்றியது.

அதனால்தான் இந்த ஒத்திகை. பள்ளிக்கென்றால் தேய்த்த சட்டை, உதவித்தொகைக்கென்றால் காலர் நைந்தது. ஒருமுறை சட்டையோடு பேச்சும் மாறிப்போய், டீச்சர் பௌசியாவிடம், மகள் ஒரு துரும்பைக்கூடத் தூக்கமாட்டாள் என்று கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டார். மலீசா இடக்கையால் அவர் தொடையில் கிள்ளியதால் பிழைத்தார்.

போன வியாழக்கிழமை அதே டீச்சர் அப்பம் வாங்க வந்து நின்றார். அவர் பணப்பையைத் திறப்பதற்குள், பிள்ளையை நேரில் பார்த்துப் போக உதவித்தொகை அலுவலகத்து அம்மாளும் வந்து சேர்ந்தார். இருவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஒன்றாக மலீசாவைப் பார்த்தார்கள். நிமிரும்படி சுபீர் கண்ணைக் காட்டினார். உடனே கையைத் தொங்கப்போடும்படியும் காட்டினார்.

"அபா, இன்னைக்கு எனக்கு முடியுமா, முடியாதா? சீக்கிரம் சொல்லுங்க. பசிக்குது."

சுபீர் டீச்சரைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். கப்பலைத் திருப்பிய வாய் உலர்ந்துவிட்டது. "எனக்கே தெரியலடா," என்று ஓர் அப்பத்தை எடுத்து அவள்முன் வைத்தார்.

மலீசா இடக்கையால் அதைத் தூக்கினாள். கை ஆடியது. பாதி வாய்க்குப் போயிற்று, மீதி உதிர்ந்தது. தாங்கிப்பிடிக்கக் கையை நீட்டிய சுபீர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். பெண்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் அவள் மோவாய்க்குக் கீழே, எதையும் தொடாமல், உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தபடி நின்றார். அடுப்பில் ஓர் அப்பம் கருகிக்கொண்டிருந்தது.