கதையில் மட்டும் வெட்டுகிறவன்

நான் எழுதுவதெல்லாம் வெட்டும் குத்தும் பழிவாங்கலும்தான். போனில் தொடராக வருகிறது. வாரம் ஒருத்தனையாவது சாய்த்துவிடுவேன். சாகிறவன் பெயர் மாறுமே தவிர ஆள் ஒருவன்தான்: என் அண்ணனை வெட்டியவன். அவன் என் தங்கச்சி புருஷனுக்குக் கூடப்பிறந்த மூத்தவன். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் கரிசலும் அவர்கள் கரிசலும் அடுத்தடுத்து. அவன் வரப்பை டிராக்டரால் உழுது எங்கள் பக்கம் நகர்த்திவிட்டான். அண்ணன் தட்டிக்கேட்டான். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே, பட்டப்பகலில் வெட்டு விழுந்தது. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தது நான் ஒருத்தன்தான்.

கேஸ் நடக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"போனவன் போயிட்டான்யா. பொண்ணு குடுத்த வீட்டுக்கு எதிரா நீ கூண்டுல ஏறுனா, ஒன் தங்கச்சிய அவிய வச்சி வாழுவாகளா? யோசிச்சிக்கோ."

யோசித்தேன், எழவு. அப்போது அவள் ஆறு மாசம் முழுகாமல் இருந்தாள். கோர்ட்டில், "நான் எதையும் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் விடுதலையாகி, கோர்ட்டுக்கு எதிர்த்த கடையில் என் கண் முன்னாலேயே டீ குடித்தான். அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். நேரில் திராணியில்லாதவன் வேறென்ன செய்வான்?

போன தையில் அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே, போனேன். ஆசாரி குத்தியதும் பிள்ளை வீரிட்டு அழுதது. அண்ணனைக் கொன்றவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, நீங்க எழுதுத கதைய ஒண்ணு விடாம படிக்கேன். வெட்டு ஒவ்வொண்ணும் நேர்ல பாத்த மாதிரில்லா இருக்கு!"

சிரித்தான். நானும் சிரித்தேன். சீ, நானெல்லாம் ஒரு பிறவி!

பந்தி முடிந்ததும் தங்கச்சியிடம் பொருமினேன்.

"ஒனக்காகத்தான் எல்லாத்தையும் முழுங்கிட்டுக் கெடக்கேன்."

எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எனக்காகவா? என்னய ஒரு வார்த்த கேட்டியாண்ணே? நீ உள்ளதச் சொல்லுவ, அந்தாக்குல நம்ம வீட்டுக்குக் கெளம்பிரலாம்னு, அன்னைக்குத் துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டு உக்காந்திருந்தேன். இப்ப அண்ணனக் கொன்ன கைக்கு நாந்தான் தெனமும் சோறு போடுதேன்."