வாசித்துக் காட்டிய பின் கையொப்பம்

விதி இதுதான். ஒரு குழந்தைகள் மையத்தை வேறிடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் முதலில் பெற்றோர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். மாற்றுவதற்கான காரணத்தை அங்கே சொல்ல வேண்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, எழுதியதை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையொப்பம் பெற வேண்டும். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் பணியில் இருந்த காலத்தில் இதைச் சுற்றறிக்கையாக்கி, பிழை திருத்தி, ஒன்றியம் ஒன்றியமாக அனுப்பி வைத்தவன் நான். போய்ச் சேர்ந்த இடங்களில் அது சுவரில் ஆணியில் குத்தப்பட்டு மஞ்சளாகிக் கிடந்ததை ஆய்வுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். 'சுற்றறிக்கை முறையாகப் பராமரிக்கப்படுகிறது' என்று ஆய்வறிக்கையில் எழுதியதும் நான்தான்.

ஓய்வு பெற்றதும் காரைக்குடியில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். கோவிலூர் போகும் சாலையிலிருந்து பிரியும் தெரு. மகளுக்கு வங்கியில் வேலை; மருமகன் சிங்கப்பூரில். மூன்று வயதுப் பேத்தியைக் காலையில் பால்வாடியில் விடுவதும் மதியம் திரும்ப அழைத்து வருவதும் என் பொறுப்பாயின. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் பால்வாடி நடந்தது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் பிள்ளைகளோடு இருந்தார். குழந்தைகள் இருந்தால் வீடு சுத்தமாக இருக்கும் என்று எப்போதோ வாடகை இல்லாமல் விட்டிருந்தார். அகலமான முற்றம், குளிர்ந்த தரை, மழைத் தண்ணீர் விழ ஒரு பெரிய அண்டா. அரசு கட்டித் தரும் எந்தக் கட்டடத்திலும் இவ்வளவு வெளிச்சம் இருக்காது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அங்கே டீச்சராக இருந்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாற்பது வயதிருக்கும். நெற்குப்பையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பழைய மாதக் காலண்டர்கள் நிறைந்த பை. அந்தத் தாள்களின் பின்பக்கம்தான் குழந்தைகளுக்குக் கிறுக்கும் தாள். முதல் நாள் பேத்தியை உள்ளே விட்டுவிட்டு நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது.

"சார், எங்குட்டுக் கெளம்பிட்டீக? புள்ளைய மட்டும் விட்டுட்டுப் போறதுக்கு இது சைக்கிள் ஸ்டாண்டா? உள்ள வாங்க. ஒரு கதையாச்சும் சொல்லிட்டுப் போங்க."

எனக்கு ஒரு கதையும் தெரியாது. அன்று குழந்தைகளுக்கு சிவகங்கை பஸ் நிலையத்தில் ஒரு குரங்கு என் அலுவலகக் கோப்பு ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். என் பணிக்காலத்தில் குழந்தைகள் கேட்டுச் சிரிக்கக்கூடிய சம்பவம் அது ஒன்றுதான்.

'சமுதாயப் பங்கேற்பு' என்ற சொல்லை எத்தனை அறிக்கையில் எழுதியிருப்பேனோ கணக்கில்லை. அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பின்கட்டில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டின் முறை. இட்லிக் கடை வைத்திருந்த அம்மா ஒரு வெள்ளி மாவோடு வந்தார். குழந்தைகள் எல்லோரும் ஆளுக்கொரு கொழுக்கட்டை பிடித்தார்கள். ஒன்று கூட உருண்டையாக இல்லை, எல்லாவற்றையும் வேகவைத்துத் தின்றோம். பெயின்டர் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் சுவரில் மயில் வரைந்தார். அதைக் குழந்தைகள் கடைசி வரை கோழி என்றே சொன்னார்கள். அவரும் தோகையை அழித்துவிட்டுக் கொண்டையைப் பெரிதாக்கி, கோழியாகவே முடித்துக் கொடுத்தார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா கஞ்சி கொண்டு போனாள். அதற்கு முன்பு அந்த இரண்டு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசியதில்லை என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இதற்கெல்லாம் டீச்சர் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

மாதக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆண். "ஆம்பளைக்கு அம்மாமார் கூட்டத்துல என்ன சோலி?" என்று இட்லிக் கடைக்காரம்மா வாய்விட்டே கேட்டார். "பாதுகாவலர் என்ற முறையில் கலந்துகொள்ள விதியில் இடமிருக்கிறது" என்றேன். "அப்ப அந்த விதிய எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க தாத்தா, அவரு பெத்ததாச்சும் எதுன்னு தெரியட்டும்" என்றார். அன்று முதல் அவர்கள் எல்லோருக்கும் நான் தாத்தா ஆனேன்.

அவர்களில் ஒருத்தி, தரையில் பதிக்கும் பூப்போட்ட தளக்கல் செய்யும் பட்டறையில் வேலை செய்தாள். மணல் சுமப்பதில் தொடங்கி, கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வர்ணம் ஊற்றும் வேலைக்கு அப்போதுதான் அவளை உட்கார வைத்திருந்தார்கள். கை நடுங்காதவர்களுக்கே அந்த வேலை கிடைக்கும். பட்டறை எட்டரைக்குத் தொடங்கும் என்பதால் அவளுக்காகவே டீச்சர் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து எட்டேகாலுக்குக் கதவைத் திறந்தார். அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள், படித்ததும் மறந்து போயிருந்தது. கூட்டத்தில் மை தடவிய பெருவிரலை வைத்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்வாள். டீச்சர் அவளுடைய மகளுக்குப் பலகையில் கோடு போடக் கற்றுக்கொடுத்தபோது பக்கத்தில் இன்னொரு பலகையை வைத்து, "நீயும் போடு தாயி, புள்ளைக்குத் தொணையா இருக்கும்" என்றார். நாலைந்து மாதத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். பதிவேட்டில் முதல் முறை எழுதிய அன்று கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைக் கீழ் வரியில் போட்டாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

இப்போது என் பங்களிப்பைச் சொல்ல வேண்டும். கூட்டம் காலையில்தான் நடக்கும். ஒருத்திக்குப் பட்டறை, ஒருத்திக்குக் கடை, ஒருத்திக்குக் கல்லூரியில் பெருக்கும் வேலை. பேசி முடித்து, டீச்சர் தீர்மானத்தை எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்குவதற்குள் பாதிப் பேர் செருப்பை மாட்டியிருப்பார்கள். அலுவலகத்தில் இதற்கு நாங்கள் வைத்திருந்த வழியை ஒரு நாள் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தின் மேலே இருபது வரி விட்டுவிட்டு, வந்தவுடன் எல்லோரும் கீழே கையெழுத்துப் போட்டுவிடட்டும். தீர்மானத்தை மதியம் ஆற அமர எழுதிக்கொள்ளலாம். எத்தனை வரி விட வேண்டும் என்று பென்சிலால் கோடு இழுத்துக் காட்டியதும் நான்தான். சுற்றறிக்கை அனுப்பியவனே அதை எப்படி மீறுவது என்றும் கற்றுக்கொடுத்தேன். எல்லோருக்கும் வசதியாக இருந்தது. டீச்சர் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் என்ன எழுதினார் என்று அதன் பிறகு ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த வருடப் பொங்கல் விடுமுறை முடிந்து பேத்தியை அழைத்துக்கொண்டு போனால் பின்கட்டுக் கதவில் புதுப் பூட்டு. மையம் புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. தளக்கல் பட்டறைக்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "தாத்தா, அங்குட்டு எப்படித் தாத்தா போறது? லாரியா வருது. விட்டுட்டு எட்டரைக்குப் பட்டறைக்கு எப்படி வர்றது?" என்றாள். விதியின்படி கூட்டம் நடத்தாமல் மாற்ற முடியாது, ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் அதை நம்பி அன்று மகளைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றே திட்ட அலுவலகத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர் அங்கே அதிகாரியாக இருந்தார். தேநீர் வரவழைத்தார். நான் விதியைச் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே மையத்தின் தீர்மானப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அதில் எழுதியிருந்தது இதுதான். பெற்றோர் கூட்டம் கூடியது. வீட்டு உரிமையாளர்கள் கட்டடத்தை விருந்தினர் விடுதியாக மாற்ற இருப்பது விளக்கப்பட்டது. மையத்தை மாற்ற ஒருமனதாகச் சம்மதிக்கப்பட்டது. இருபது வரிக்குள் அழகாக அடங்கியிருந்தது. டீச்சரின் கையெழுத்து எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு எழுதிக் காட்டுவதுபோல் குண்டு குண்டாக இருக்கும். கீழே கையொப்பங்கள். முதலில் என்னுடையது. கடைசியில், ஓர் எழுத்து மட்டும் கீழ் வரிக்கு இறங்கிய அந்தப் பெயர். "எல்லாம் சரியாத்தான இருக்கு சார்? நீங்க பாக்காத நடைமுறையா?" என்றார் அவர். அவர் கிண்டல் செய்யவில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் நெற்குப்பைக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் சொந்த ஊர் மையத்துக்கே மாறுதலாகியிருந்தார். அந்த மாறுதலுக்கு அவர் கொடுத்த மனுவை எழுதித் தந்தவன் நான். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர், இரண்டு பஸ் பயணம், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று, படிப்பவர் மறுக்க முடியாதபடி எழுதியிருந்தேன். என்னைக் கண்டதும் அவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் விதியைச் சொல்லவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"மையத்தை மாத்துறதுக்குத் தீர்மானம் வந்தா அன்னைக்கே மாறுதல் ஆர்டர் தர்றோம்னு ஆபீஸ்ல சொன்னாக சார். அஞ்சு வருசமாக் கேட்டு அலையிறேன். இவரைத் திருப்பிப் போடக்கூட வீட்டுல ஆளில்ல." மோர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கூட்டத்துல சொன்னா ஒத்துக்க மாட்டாகன்னு தெரியும். கையெழுத்து கெடந்துச்சு. எழுதிட்டேன். நீங்கதான சார் சொன்னீக, மேல பெறகு எழுதிக்கிடலாம்னு."

உள்ளேயிருந்து அவர் கணவர் ஏதோ முனகினார். டீச்சர் எழுந்து போனார். நான் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றும் போகவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். அந்த அம்மாக்களிடம் கேட்டிருக்கலாம். காய்ச்சல் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போனவர்கள் அவருடைய நிலைமையைக் கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்களை ஒன்று சேர்த்தவரே அவர்களை நம்பவில்லை.

அம்மாக்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். பென்சில் கோட்டையும் மறைக்காமல் சொன்னேன். இட்லிக் கடைக்காரம்மாதான், "அப்பத் தாத்தாவும் டீச்சரும் சேந்துதான் எங்களக் கவுத்தீகளா?" என்றார். வழக்கமாக அவர் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள். பட்டறைக்காரி தன் பெயர் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டாள். கடைசியில் என்றேன். "நான் எழுதுனது சரியா இருந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மனு, நினைவூட்டு, மேல்முறையீடு, மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் இன்னொரு மனு. விதி மீறப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். மீறும் வழியைச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்றும் ஒரு பத்தி சேர்த்தேன். அந்தப் பத்தியை எடுத்துவிடும்படி பழைய நண்பர்கள் சொன்னார்கள். எடுக்கவில்லை. பேத்தியை மகள் ஆட்டோ வைத்து ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பினாள். பட்டறையில் சிமென்ட் தூசிக்கு நடுவே குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்கள். பட்டறைக்காரி வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். வர்ணம் ஊற்றும் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் அவள் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. "சாப்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். தாத்தா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

பதில் கடைசியில் எனக்குச் சாதகமாகவே வந்தது. அதே தெருவில், வாடகைக் கட்டடத்தில், ஒரு துணை மையம் திறக்கலாம். காலை எட்டேகாலுக்கே திறக்கவும் ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பங்களுடன் பதினைந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இந்த முறை நானே எழுதினேன். வீடு வீடாகப் போனேன். வாசற்படியில் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இட்லிக் கடைக்காரம்மா மாவுக் கையைக் காட்டி, அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்னொருத்தி வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றாள். பட்டறைக்காரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். இடையில் ஒரு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பேனாவை நீட்டினேன்.

"நீங்க வாசிச்சது நல்லாத்தான் இருக்கு ஐயா. தப்பா எடுத்துக்காதீக. எனக்கு எழுதத் தெரியாம இருந்தவரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் எதையும் வாங்கிட்டுப் போகல" என்றாள். பேனா என் கையிலேயே இருந்தது. உள்ளே அவள் மகள் புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு, பட்டனை மாற்றிப் போட்டுவிட்டதாக அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் போய்விட்டாள்.

பதினைந்து நாளும் கடந்துவிட்டன. கடிதத்தை உரிய நடைமுறைப்படி வந்த நாளைக் குறித்துக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அது வந்து சேர்ந்தது கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த திங்கட்கிழமை; பட்டறைக்காரியின் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள்.