வேலிக்கு வெளியே விழுந்தால் அவுட்

சாஃப்ட்பாலில் பந்தை வேலிக்கு மேலே தூக்கி அடித்தால் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நம் கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபோக்குக்காக ஆடும் லீக்குகளில் அதற்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு டீமுக்கு மூன்று ஹோம் ரன்தான். நாலாவதாக எவன் தூக்கி அடித்தாலும் அவன் அவுட். பலசாலி ஒருவனே ஆட்டத்தை முடித்துவிடக் கூடாதாம், பந்தும் தொலையக் கூடாதாம். நியாயமான விதி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பஹ்ரைனில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். அம்மாவும் நானும் தூத்துக்குடியிலிருந்து விசிட் விசாவில் வந்து, ஈசா டவுனில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தோம். மூன்று மாத விசா. அது முடிவதற்குள் கம்பெனி அப்பாவுக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் கொடுத்தால் நாங்கள் அங்கேயே தங்கலாம், நான் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேரலாம். கொடுக்காவிட்டால் அப்பா மறுபடியும் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்புக்கு, நாங்கள் ஊருக்கு. அந்த மூன்று மாதமும் அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்குவாள். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைப்பாள். என் கவுன் எங்கே என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

கையெழுத்துப் போட வேண்டியவர் அட்மின் மேனேஜர். கம்பெனியின் சாஃப்ட்பால் டீமுக்கும் அவர்தான் கேப்டன். அவரும் பிழைக்க வந்த இந்தியர்தான். ஆனால் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதையோ மென்றுகொண்டே, பிறந்ததிலிருந்து இந்த விளையாட்டைத்தான் ஆடுகிறவர் போல நடப்பார். அப்பாவிடம் ஹிந்தியில்தான் பேசுவார். விண்ணப்பம் தன் மேஜையில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வாராவாரம் சொல்வார்.

அப்பாவை மைதானத்துக்குக் கூட்டிப்போனது ஆடுவதற்கு இல்லை. தண்ணீர் கேன் இறக்க வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஆள் குறைந்ததால் மட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்பா அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. இந்த ஆட்டத்தில் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அப்பாவுக்கு அது தெரியாது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டே ஓடினார். சுற்றி வர வேண்டிய நாலு முனைகளுக்குப் பேஸ் என்று பெயர். ஒவ்வொரு பேஸ் வந்ததும் குனிந்து, மட்டையை நீட்டி, கிரிக்கெட்டில் ரன் எடுக்கிறவர் போலத் தரையைத் தொட்டார். டீமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் மண்ணில் உருண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரையும்விடத் தூரமாக அடித்தவர் என் அப்பா.

அன்றைக்கே கேப்டன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். “பாய், நீச்சே மாரோ” என்றார். தாழ்வாக அடி, ஹோம் ரன்னை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். இருப்பது மூன்று. ஒன்று கேப்டனுக்கு, ஒன்று அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு, ஒன்று சேஃப்டி ஆபீசருக்கு. கம்பெனியில் கிரேடு பார்ப்பது போல வேலியைத் தாண்டுவதற்கும் கிரேடு பார்த்தார்கள்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அப்பா பந்தைத் தட்டித் தட்டிவிட்டார். பார்க்கவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

“ஏம்ப்பா தூக்கி அடிக்க மாட்டேங்கிய?”

“பந்து தொலஞ்சிரும் மக்கா.”

“தொலஞ்சா என்ன?”

“தொலஞ்சா வேற வாங்கணும்லா?”

கேப்டனின் காரில் ஒரு மூட்டை நிறையப் பந்து கிடந்தது எனக்குத் தெரியும். அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது கடைசி ஆட்டம் வந்தது. அம்மா முந்திரிக்கொத்து செய்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

“கேப்டன் கையிலயே குடுங்க. கண்டவன்லாம் தின்னுறப் போறான். அப்படியே பேப்பர் என்னாச்சுன்னு கேளுங்க. சிரிச்ச மொகமா கேளுங்க. நீங்க கேட்டா சண்டைக்குப் போற மாதிரியே இருக்கும்.”

அப்பா தலையாட்டினார். நானும் கூடப் போனேன்.

அன்றைக்கு மூன்று ஹோம் ரன்னும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. மூன்றாவதைக் கேப்டனே அடித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். ஆனாலும் கடைசிச் சுற்றில் எங்கள் டீம் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் நின்றார்கள். அப்பா மட்டையோடு போனார். பந்தை இடைவெளி பார்த்து உருட்டிவிட்டால் போதும், இரண்டு பேரும் ஓடி வந்துவிடுவார்கள், கோப்பை எங்களுக்கு.

“நீச்சே! நீச்சே!” என்று கேப்டன் கத்தினார்.

நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். “தூக்கி அடிங்கப்பா!”

பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் என் தோளைத் தொட்டு, “நோ, நோ, பேபி. ஓவர் ஃபென்ஸ், அவுட்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே விழுந்தால் அவுட் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? இவருக்கு ஆட்டமே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் பந்தை அப்பா தொடவில்லை. இரண்டாவது பந்து மெதுவாக வளைந்து வந்தது. அப்பா ஒரு காலை முன்னால் வைத்து இடுப்போடு சேர்த்துச் சுழற்றினார். பந்து வேலிக்கு மேலே போனது. அதற்குப் பின்னால் இருந்த காலி மனைக்கு மேலே போனது. அந்தப் பக்கத்து வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் டங்கென்று மோதியது. நான் குதித்தேன். அந்த மைதானத்தில் நான் ஒருத்திதான் குதித்தேன். அம்பயர் அவுட் என்று கை முஷ்டியை உயர்த்தினார். எதிர் டீம் கட்டிப்பிடித்துக்கொண்டது.

அப்பா ஓடவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தார். கேப்டன் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். கை தவறிவிட்டது என்று அப்பா ஹிந்தியில் சொன்னார். கம்பெனி வேன் எங்களை ஏற்றாமலே போய்விட்டது. வெயிலில் நடந்தோம். பாதி வழியில் அப்பா அம்மா கொடுத்த டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு முந்திரிக்கொத்து கொடுத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். கேப்டனுக்கென்று கொடுத்தனுப்பியதை நாம் தின்னலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டப்பாவை மூடிவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்குள் நான்தான் முதலில் ஓடினேன்.

“ஜெயிச்சாச்சா?” என்றாள் அம்மா.

“தோத்தாச்சு! அப்பாதான் கடைசி அவுட்டு! பந்து மாடியில போயி டங்குன்னு…”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்த விதி அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டாள்.

“ஒங்களுக்கு அறிவிருக்கா? அந்தாளு கையெழுத்துப் போடணும்னு தெரியும்லா? மூணு மாசமா குனிஞ்சு குனிஞ்சு நின்னுட்டு, இன்னைக்குத்தானா ஒங்களுக்கு வீரம் வரணும்? இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

அப்பா நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்.

“இன்னைக்குத் தண்ணி கேன் இறக்கும்போதே ஆபீஸ் பையன் ஒருத்தன் சொல்லிட்டான்” என்றார். “கிரேடு பத்தாதாம். போன மாசமே ஹெட் ஆபீஸ்ல மாட்டேன்னுட்டாங்களாம். ஆட்டம் முடியட்டும்னு இந்தக் கேப்டன்தான் சொல்லாம வச்சிருந்திருக்கான். மாஃபி. கலாஸ்.”

கிடையாது, முடிந்தது என்று அரபியில் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். கிரேடு, ஆபீஸ் எல்லாம் எனக்கு எதற்கு? என் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்களே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இங்க வா. எவ்வளவு தூரம் போச்சு?”

சொன்னேன். வேலி, காலி மனை, மாடி, தண்ணீர்த் தொட்டி.

“எத்தன மாடி?”

“ரெண்டு.”

“அந்தாளு பாத்தானா?”

“வாயப் பொளந்துட்டுப் பாத்தாரு.”

“இன்னொருக்கா சொல்லு. மொதல்லேருந்து.”

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை மூன்று மாடியாக்கினேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இன்னொருக்கா என்றாள். நாலு மாடி என்றேன். தோற்றுப்போன ஆட்டத்தை எதற்கு இத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள், கடைசியில் அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து, கை எட்டாத தூரத்தில் தள்ளி நின்றுகொண்டே சொன்னேன்.