கலந்துபோகாமல் சேர்வது

டீச்சரை நினைத்தாலே, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவதுதான் முதலில் காதில் விழுகிறது. "ஜாயின்! அட்டாச்! மெர்ஜ்!" பாம்பனுக்கு இந்தப் பக்கம் கடலோரத்து ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்தவர் என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். சாயந்திரமானால் டியூஷன். நான் கொல்லையில் கடல்பாசிச் சாக்கை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுவேன். ஆனால் காதுக்கு ஏது கூச்சம்?

ஒருநாள் சுவருக்கு மேலே எட்டி, "எல்லாத்துக்கும் சேக்கிறதுன்னுதானே அர்த்தம், டீச்சர்? அதுக்கு எதுக்கு இத்தன வார்த்த?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்லக்கா. ரெண்டு வள்ளத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டுனா ஜாயின். வேணாம்னா அவுத்துக்கிட்டுப் போயிரலாம். சட்டையில பொத்தானத் தச்சா அட்டாச். சட்ட போற எடத்துக்கெல்லாம் பொத்தானும் போகணும். ஓடைத் தண்ணி கடல்ல விழுந்தா மெர்ஜ். அப்புறம் எது ஓடைத் தண்ணின்னு மோந்து எடுப்பீகளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது மனதில் பதிந்துவிட்டது.

நாங்கள் பெண்கள் கடலில் முங்கி, பாறையில் வளர்ந்திருக்கும் பாசியைப் பறித்து விற்றுப் பிழைக்கிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பாறை கிழிக்கத்தான் செய்யும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், அவ்வளவுதான். மற்ற நாளில் யாரும் இறங்கக் கூடாது. பறித்த இடத்தில் பாசி மறுபடி தழைக்க வேண்டும் அல்லவா? அந்த நாட்களைக் குறிப்பது எங்கள் பெண்கள் சங்கம். வீட்டு ஆம்பளையும் அதில் தலையிட முடியாது, வியாபாரியும் முடியாது.

வியாபாரிக்கு இது ஆகவில்லை. அவருக்குத் தினமும் பாசி வேண்டும். ஆம்பளைகளின் பெரிய மீனவர் சங்கத்தைப் போய்ப் பிடித்தார். அதன் தலைவர் எங்களை மீன் ஏலக் கொட்டகையில் கூட்டினார். "ரெண்டு சங்கமும் சேந்துட்டா சலுகையெல்லாம் சீக்கிரம் வரும். சம்மதம்னா கையத் தூக்குங்கத்தா" என்றார். பாதிக் கைகள் ஏறிவிட்டன. உடனே போனை எடுத்து யாருக்கோ, "மெர்ஜ் பண்ணியாச்சு சார்" என்றார்.

ஆள் முகம் பார்க்கவே கூசுகிறவள்தான் நான். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"தலைவரே, எங்ககிட்டச் சேருங்கன்னு சொன்னீக. போன்ல மெர்ஜ்னு சொல்றீக. அப்ப இனிமே நாள் குறிக்கிறது யாரு?"

"பார்றா, மதினி இங்கிலீசுல பொளந்து கட்டுது! எல்லாம் ஒண்ணுதான், ஒக்காருங்க."

"ஒண்ணுதான்னா, நாள நாங்கதான் குறிப்போம்னு அதே போன்ல சொல்லுங்க. கேட்டுட்டு ஒக்காருறேன்."

அவர் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் கமிட்டி பாத்துக்கிரும்."

"அப்ப அந்தக் கமிட்டியவே முங்கிப் பாசி எடுக்கச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். கொட்டகையே சிரித்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் சேரவில்லை.

மெர்ஜ் என்ற வார்த்தையை நான் யாரிடம் கற்றேன் என்று ஊருக்கே தெரியும்; அதற்கான அடி டீச்சர் மேல் விழுந்தது. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தலைவரின் மச்சான். "பொம்பளைகளத் தூண்டிவிடுறதுக்கா வீடு குடுத்தேன்?" என்று கேட்டு, காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரில் வேறு யாரும் வீடு தரவில்லை. பட்டப்பகலில், தலைவர் வீட்டு வாசல் வழியாகவே, பெண்கள் நாங்கள் அவருடைய பாத்திரம் பண்டம், கட்டில், கரும்பலகை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீடுதான், சுவருக்கு மேலேயே எடுத்துக் கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் தெருவைச் சுற்றி வந்தோம்.

தலைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஊரப் பகச்சுக்காத மதினி" என்றார்.

"டீச்சர் இங்கனதான் இருப்பாக. டியூஷனும் நடக்கும். சத்தம் பெருசா இருந்தாக் காதப் பொத்திக்கங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். டீச்சர் உள்ளே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார். "வேற ஊருக்கு மாத்தல் கேக்கட்டுமாக்கா?" என்றவரை, "கேட்டுப் பாருங்க, கட்டிலத் திருப்பித் தர மாட்டேன்" என்று மிரட்டி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அவர் மாறுதல் கேட்கவே இல்லை. இப்போது இராமநாதபுரத்தில் மகளோடு இருக்கிறார்.

எனக்கு இப்போது முங்க மூச்சில்லை. மருமகள்கள் போகிறார்கள். போன வாரம் பெரிய சங்கத்தின் புதுத் தலைவர் வந்தார். படித்த பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறது. "இணைப்பு" என்று நல்ல தமிழிலேயே சொன்னது. நான் ஒன்றுதான் கேட்டேன்: "நாள் குறிக்கிறது யாரு, தம்பி?" காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

நாளைக்குக் கடலில் இறங்கும் நாள் இல்லை. வியாபாரியின் வண்டி வருமாம். வரட்டும். வந்து வெயிலில் நின்றுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிப் போகட்டும்.