கிணற்றில் நீந்திய மதினி

செவ்வாய்க்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. "உங்க மதினி தூக்கத்துலயே போயிட்டா, சரசு" என்றார். அவனியாபுரத்திலிருந்து கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினேன்.

என் மதினி செண்பகவல்லி வயலும் வீடும் பார்த்தவர், வாய்விட்டுச் சிரிப்பவர். ஐம்பதை நெருங்கும்போது அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சில ஆண்டுகளில் இன்சுலின் ஊசியும் சேர்ந்துகொண்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். முழங்கால் வலி விடவில்லை. "நடக்கத்தான முடியல, நீந்தலாம்ல?" என்று மதினி கேட்டாராம். தாராளமாக நீந்தலாம், தனியாக மட்டும் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். சிறு வயதில் விட்ட நீச்சலை மதினி மறுபடி தோட்டத்துக் கிணற்றில் தொடங்கினார். ஊர் சிரித்தது. "சிரிக்கட்டும். என் சர்க்கரைய அவங்களா வந்து குறைப்பாங்க?" என்றார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் நானும் அவரோடு கிணற்றுக்குப் போனேன். விருந்தாளிகளைக் கவனித்த மும்முரத்தில், ஊசி போட்டுக்கொண்ட மதினி சாப்பிடாமலே வந்திருந்தார். நடுக்கிணற்றில் கை தளர்ந்தது. "சரசு, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. படியோரம் கிடந்த கயிற்றை வீசினேன். பிடித்துக்கொண்டார். இழுத்துப் படியில் உட்காரவைத்தேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்க வேண்டும் என்று பம்ப்செட் அறையில் டீக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் தெளிந்தார். "தண்ணிய குத்தம் சொல்லாத. வெறும் வயித்தோட வந்தது நான்தான்" என்றார்.

இனிக் கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று அண்ணன் சத்தம் போட்டார். மறுநாளே மதினி அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். நீந்தும் நாட்களுக்கு ஏற்றபடி ஊசியின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் சாப்பிட்டு, விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்த பிறகே மதினி இறங்குவார். கரையேறியதும் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பார். சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாதே. சீனிப் பொட்டலத்தோடு அண்ணன் படியில் காவலிருப்பார். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

"உங்க அண்ணன் இம்புட்டு பேசுவாருன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்று மதினி என்னிடம் சொன்னார். அப்போது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

கடைசியாக நான் போனபோது கிணற்றில் இரண்டு தலைகள் தெரிந்தன. லாரி ட்யூபைக் கட்டிப்பிடித்தபடி அண்ணன் மிதந்துகொண்டிருந்தார். அவர்களுடைய மருமகள் படியில் காவல்.

"ஏ சரசு, உங்க அண்ணன் நீச்சலப் பாரு!" என்று மதினி கூவினார். கிணறு முழுக்க அவர் சிரிப்புதான்.

நிறைவாக வாழ்ந்தீர்கள், மதினி. போய் வாருங்கள்.